வலது கன்னத்துத் தீவு

பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் மாடிப்படி ஏற விடுகிறதா? எனக்கு வலது மணிக்கட்டில் மட்டும் வலி. அது தொழில் வலி. நோயில் சேராது.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் நீ 'ம்' என்பதற்கு மேல் பேசுவதில்லை. வீடியோவில் எப்போது கூப்பிட்டாலும் மின்விசிறிதான் தெரிகிறது. உங்கள் வீட்டு மின்விசிறியை நான் இப்போது கண்ணை மூடிக்கொண்டே வரைவேன்.

செய்தி இதுதான். என் புத்தகத்தைப் பதிப்பகத்தில் எடுத்துக்கொண்டார்கள். கிராஃபிக் நாவல். நூற்று நாற்பது பக்கம் வரப்போகிறது, எல்லாம் என் கையால்.

ஒரு பெண். அவள் கன்னத்தில் ஒரு தீவு. சிவந்த தீவு. அவள் தூங்கும்போது தலையணை கடலாகிவிடும். சின்னச் சின்னப் படகுகள் வந்து கரை சேரும். வந்தவர்கள் அவள் கன்னத்தில் வீடு கட்டிக் குடியேறுவார்கள். காலையில் அவள் முகம் கழுவும்போது எல்லோரும் குடை பிடித்துக்கொள்வார்கள்.

யாரென்று உனக்குத் தெரிந்திருக்கும். உன் கன்னத்தில் பிறவியிலேயே இருக்கும் சிவப்புக்கு நாம் வைத்த பெயர்தானே தீவு. அதன் ஓரத்துக் கறுப்பு மச்சம் கலங்கரை விளக்கம். அப்போது எனக்கு ஆறு வயது. உனக்குப் பதினேழு.

முப்பது பக்கம் வரைந்த பிறகுதான் உன்னைக் கேட்கவில்லை என்பது உறைத்தது. இப்போது கேட்கிறேன். வரையட்டுமா?

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
சுண்டெலி


பிப்ரவரி 20

சுண்டெலிக்கு,

இருவரும் சுகம். முழங்கால் இறங்கும்போதுதான் வலிக்கிறதாம், ஏறும்போது இல்லையாம். அதனால் மாடிக்குப் போனால் அங்கேயே இருந்துவிடுகிறாள். மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. சோம்பல் படாதே.

நீ எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இவளையா வரையறா? ஏன், அங்க ஒரு பூ, ஒரு மரம் கெடைக்கலையா?" என்றாள். பிறகு, "இவ மூக்க ஒழுங்கா வரையச் சொல்லு" என்றாள்.

நாம் வாடகைக்கு எடுத்துப் படித்த படக்கதைகள் ஞாபகம் இருக்கிறதா? கன்னத்தில் ஏதாவது இருந்தால் அவன் கொள்ளைக்காரன். கதாநாயகிக்கு முகம் அழித்துத் துடைத்த சிலேட்டு மாதிரி இருக்கும். நாம் விளையாடும்போது நான்தான் எப்போதும் கொள்ளைக்காரி. எனக்கு அதில் வருத்தம் இல்லை. கொள்ளைக்காரிக்குத்தான் குதிரை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை அதிகம். பெட்டி பெட்டியாகப் புது ஃபிரேம் வந்திருக்கிறது. எல்லாம் ஏதோ ஒரே ஒரு மூக்கை நினைத்துச் செய்தவை. அந்த மூக்கு உள்ளவரைப் பதினாறு வருஷத்தில் நான் பார்க்கவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் சூடு காட்டி வளைத்துத்தான் கொடுக்கிறேன்.

எதிர் மாடியில் தோல் டாக்டர் ஒருவர் வந்திருக்கிறார். கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்குகிறது என்று வந்தார். சரி செய்து கொடுத்தேன். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

வரை. முப்பது பக்கம் வரைந்த பிறகு கேட்கிறாய். வேறென்ன சொல்ல.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

ஒத்தடம் கொடுத்தேன். வலி முழங்கைக்குக் குடிபோய்விட்டது. நீங்கள் நலம்தானே?

'வரை' என்ற ஒற்றைச் சொல்லைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். இப்போது அறுபத்தெட்டாம் பக்கம்.

என் அறையில் ஒரு மேசை, ஒரு ஜன்னல், எட்டுப் பேனா. மதியத்தில் வெளிச்சம் தாளின் மேல் நகர்ந்து வரும். அது அவள் கன்னத்தைத் தொடும் நேரத்தில் நான் மை தொடுவதில்லை. கொஞ்ச நேரம் அங்கே வெயில் காயட்டும் என்று விட்டுவிடுகிறேன். தீவுவாசிகள் துணி உலர்த்துவார்கள்.

எடிட்டர் மேடம் பக்கங்களை மெதுவாகப் புரட்டினார். "அழகா இருக்கறவளுக்குத்தான் நம்ம புத்தகத்துல கதை நடக்கும். மத்தவங்க எல்லாம் பக்கத்து வீட்டுக்காரங்க. இந்த முகம் இதுவரைக்கும் வரலம்மா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதைத்தானே பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் பிரதிநிதித்துவம் என்று கட்டுரை கட்டுரையாக எழுதினேன். அப்போது அது வெறும் சொல். இப்போது அதற்குக் கன்னம் இருக்கிறது.

பிறகு கேட்டார்: "நெஜமா இப்படி ஆள் இருக்காங்களா?"

"எங்க அக்கா."

"அப்ப கடைசிப் பக்கத்துல அவங்க ஃபோட்டோ போட்டுடலாம். படிக்கறவங்க நம்பணும்ல?"

தலையாட்டிவிட்டேன். ஒரு ஃபோட்டோ அனுப்புவாயா? நேராகப் பார்த்து, புன்னகை இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஜூன் கடைசி வரை நேரம் இருக்கிறது.

மூன்று பக்கங்களின் நகல் வைத்திருக்கிறேன். உன்னைத் தவிர யாருக்கும் அனுப்பவில்லை.

பதிலுக்குக் காத்திருக்கும்,
சுண்டெலி


ஏப்ரல் 2

சுண்டெலிக்கு,

நலம். அம்மாவும் நலம். முழங்கைக்கும் ஒத்தடம் கொடு.

பதில் தாமதம். கடைக்குப் பத்து நாள் லீவு சொல்லியிருந்தேன். காய்ச்சல் இல்லை, பயப்படாதே. திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தேன். பகல் எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியுமா? திரையின் கிழிசல் வழியாக ஒரு காசளவு வெயில் வந்து சுவரில் நடந்து போகும். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அகலமான தொப்பி ஒன்று வாங்கினேன். அம்மா சிரிக்கிறாள். "எந்தக் கப்பலுக்குடி கேப்டன் நீ?" என்கிறாள்.

பக்கங்கள் வந்தன. குடை பிடிக்கும் கிழவர் என்னைச் சிரிக்க வைத்தார். அவள் அழகாக இருக்கிறாள். ஒன்று கேட்க வேண்டும். பிறகு கேட்கிறேன்.

உன் கடிதத்தில் பிரதிநிதித்துவம் என்று ஒரு சொல் வந்தது. நான் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லையே?

ஃபோட்டோ இப்போது வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 10

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு என்ன? காய்ச்சல் இல்லாமல் யார் பத்து நாள் படுப்பார்கள்? மறைக்காமல் எழுது. கை பரவாயில்லை.

'இப்போது வேண்டாம்' என்றால் எப்போது? மேடம் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

நேற்று எண்பத்தொன்றாம் பக்கம் வரைந்தேன். தீவின் கரைக்கோடு. அதற்கு மட்டும் எனக்கு மாதிரிப்படம் தேவைப்படுவதில்லை. எப்படி என்று யோசித்தேன். நீ எனக்குத் தலை வாரியதால்தான்! நான் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். நீ பின்னால் நிற்பாய். சுவர்க் கண்ணாடியில் என் தலைக்கு மேல் உன் முகம். "ஆடாதடி, வகிடு கோணுது." நான்கு வருஷம், தினமும் கால் மணி நேரம். வேறு வேலையில்லாமல் நான் பார்த்துக்கொண்டே இருந்தது உன் தீவை. மேலே ஒரு விரிகுடா. காதுப் பக்கம் நீளும் ஒரு முனை. கீழே கலங்கரை விளக்கம். சீப்பு இழுக்கும்போது நீ உதட்டைக் கடிப்பாய், தீவு லேசாக அசையும். நிலநடுக்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

என்ன கேட்க வேண்டும் என்றாய்?

உடனே எழுது.

சுண்டெலி


மே 8

அக்கா,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. நான்கு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். "அவ நல்லாத்தான் இருக்கா. நீ உன் வேலையப் பாரு" என்று வைத்துவிட்டாள். அம்மா ஃபோனைத் தானாக வைத்து நான் பார்த்ததில்லை.

நூற்றுப் பத்தொன்பது பக்கம் ஆகிவிட்டது. கடைசிப் பக்கத்தையும் வடிவமைத்துவிட்டார்கள். நடுவில் வெற்றுச் சதுரம். கீழே 'என் அக்கா' என்று அச்செழுத்து. சதுரம் மட்டும் என்னையே பார்க்கிறது.

உன்னை மாதிரி எத்தனை பேர் கூட்டத்தில் ஓரமாக, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை வரைகிறேன். அதற்குக் காரணமானவளே மின்விசிறியைக் காட்டிவிட்டு ஒளிந்துகொண்டால் இந்தப் புத்தகத்துக்கு என்ன அர்த்தம்? ஒரே ஒரு முறை நேராக நில். அவ்வளவுதானே கேட்கிறேன்?

கோபத்தில் எழுதுகிறேன். நாளை காலை இதைத் தபாலில் போடக்கூடாது என்று தோன்றும். அதனால் இன்றே போடுகிறேன்.

சுண்டெலி


மே 19

சுண்டெலிக்கு,

உடம்பு நலம். அம்மாவும் அப்படியே. உன் கோபக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எழுத்து நன்றாக இருக்கிறது.

மறைக்காமல் எழுதச் சொன்னாய். எதிர் மாடி டாக்டரிடம் போகிறேன். லேசர். மார்ச் கடைசியில் ஒரு முறை, போன வாரம் இரண்டாம் முறை. ரப்பர் பேண்டை இழுத்து இழுத்துக் கன்னத்தில் அடிக்கிற மாதிரி இருக்கும். முதல் பத்து நாள் முன்பைவிடக் கறுத்துவிடும். அதற்குத்தான் திரைச்சீலை, தொப்பி. பிறகு வெளுக்கிறது. ஓரத்திலிருந்து, பென்சில் கோட்டை அழித்த மாதிரி. விரிகுடா போய்விட்டது.

"முழுசா போகாதும்மா, பாதிக்கு மேல மங்கும். அந்தக் கறுப்பு மச்சம் அப்படியேதான் இருக்கும்" என்றார். போதும் என்றேன்.

ஜனவரியில் ஒரு அம்மாள் கடைக்கு வந்தார். ஃபிரேம் மாட்டிவிட்டு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்தேன். அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை, என் கன்னத்தைப் பார்த்தார். "பாவம்மா நீ" என்று சொல்லிவிட்டு, இருப்பதிலேயே விலை கூடியதை எடுத்துக்கொண்டார். அவருக்குப் பார்வையில் ஒரு குறையும் இல்லை. எனக்காகக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனார்.

எனக்கு அவமானம் இல்லை, சுண்டெலி. அலுப்பு. முப்பத்தெட்டு வருஷமாக அது எனக்கு முன்னால் போய் எல்லோரிடமும் பேசிவிடுகிறது. நான் பிறகுதான் போய்ச் சேருகிறேன். ஒரு முறையாவது முதலில் நான் போக வேண்டும்.

ஏன் சொல்லவில்லை? நீ அங்கே படகு படகாக ஆட்களைக் குடியேற்றிக்கொண்டிருந்தாய். நான் இங்கே அவர்கள் வீடுகளை இடித்துக்கொண்டிருந்தேன். எந்த வாயால் சொல்வது?

ஃபோட்டோ தர முடியாது. நீ கேட்கிற முகம் இப்போது என்னிடம் இல்லை.

கேட்க நினைத்ததையும் கேட்டுவிடுகிறேன். தீவு எனக்கு இடது கன்னத்தில். நீ அனுப்பிய மூன்று பக்கத்திலும் அவளுக்கு வலது கன்னத்தில் இருக்கிறது. வேண்டுமென்றே வரைந்தாயா?

கையைப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 27

அக்கா,

நலமா என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன். வலிக்கிறதா?

வேண்டுமென்றே இல்லை.

உன் கடிதத்தை வைத்துவிட்டு எல்லாப் பக்கங்களையும் தரையில் பரப்பினேன். நூற்று முப்பத்தொரு பக்கம். எல்லாவற்றிலும் வலது. ஒன்றில்கூட இடது இல்லை. பிறகு குளியலறைக் கண்ணாடி முன் நின்று என் இடது கன்னத்தைத் தொட்டேன். புரிந்துவிட்டது. தலை வாரும்போது கண்ணாடியில் பார்த்ததை அப்படியே எதிரில் நிற்கும் பெண்ணுக்கு வரைந்திருக்கிறேன்.

அப்படியென்றால் நான் உன்னை நேராகப் பார்த்ததே இல்லையா?

யோசித்துப் பார்க்கிறேன். "அக்காவ உத்துப் பாக்கக் கூடாது" என்று அம்மா சொல்லியிருந்தாள். நேருக்கு நேர் பேசும்போது நான் உன் கழுத்தை, கம்மலை, சட்டைப் பித்தானைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் மட்டும்தான் தைரியம். உன்னை ஒரு முறை நேராக நிற்கச் சொன்னவள் நான். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பக்கங்களைக் கணினியில் ஏற்றி, கட்டம் கட்டமாகத் திருப்பிப் போட்டுவிடலாம். எழுத்துகளை மட்டும் மறுபடி எழுத வேண்டும். மூன்று வார வேலை. ஆனால் அது இல்லை கேள்வி. நீ வேண்டாம் என்று விட்ட ஒன்றை நான் ஊருக்கெல்லாம் காட்டலாமா? மேடத்திடம் புத்தகமே வேண்டாம் என்று சொல்லிவிடத் தயாராக இருக்கிறேன். நிஜமாக. நீ ஒரு சொல் எழுது. இந்த முறை 'வரை' என்றால் எனக்கு விளங்காது.

நீ பதில் போடும் வரை பேனாக்களை மூடி வைத்திருக்கிறேன்.

சுண்டெலி


ஜூன் 15

சுண்டெலிக்கு,

வலி இல்லை. அம்மா உன் மணிக்கட்டுக்கு ஏதோ தைலம் வாங்கி வைத்திருக்கிறாள். வாசனை தாங்க முடியவில்லை.

பத்தொன்பது நாள் காக்க வைத்துவிட்டேன். நீ ஒரு சொல் கேட்டாய். எனக்கு ஒரு சொல்லில் வரவில்லை.

முதலில் ஒன்று. மார்ச்சில் அந்தப் பக்கங்கள் வந்தபோது தப்பு எனக்கும் தெரியவில்லை. நான்தான் என்று உடனே தெரிந்தது. சரியாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். நாலு நாள் கழித்து, டாக்டர் மருந்து தடவச் சொன்ன இடத்தில் கை வைத்துக்கொண்டு உன் படத்தைப் பார்த்தபோதுதான் நான் தொடுவது என் இடது கன்னம், அவளுக்கு இருப்பது வலது கன்னம் என்று உறைத்தது. ஏன் என்று யோசி. என்னை நானும் கண்ணாடியில்தானே பார்த்திருக்கிறேன்? ஃபோட்டோ எடுத்தால் திரும்பிக்கொள்கிறவள் நான்.

உலகத்தில் எல்லோரும் என் தீவை ஒரு பக்கம் பார்த்தார்கள். கண்ணாடியில், மறுபக்கம் பார்த்தவர்கள் இரண்டே பேர். நீயும் நானும். நீ என்னைப் பார்க்கவில்லை என்று அழாதே. நான் பார்த்த மாதிரியே பார்த்திருக்கிறாய்.

அதனால் திருப்பாதே.

அம்மா கதையையும் கேள். முதல் முறை கறுத்துப்போய் வந்து நின்றபோது அழுதாள். "நான் பெத்த மூஞ்சிடி அது. உனக்கு என்ன உரிமை?" என்றாள். ஒரு வாரம் பேசவில்லை. இப்போது வெளுத்ததும் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். "இனிமே கூட்டத்துல உன்ன எப்படிடீ கண்டுபிடிப்பேன்?" என்கிறாள். தொப்பியைப் பார்த்துக் கண்டுபிடி என்றேன்.

நேற்று மதியம் கண்ணயர்ந்தேன். உன் படகுகள் திரும்பிப் போவது போலக் கனவு. மூட்டை முடிச்சோடு, சண்டை சச்சரவு இல்லாமல். அந்தக் குடைக் கிழவர் மட்டும் கலங்கரை விளக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்றார். மற்றவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்டேன். "வலது பக்கம்" என்றார்.

வலது கன்னம் என்னுடையது இல்லை. அது அவளுடையது. எனக்கு வேண்டாம், அவளுக்கு இருக்கட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். உன் பல்கலைக்கழகத்தில் இதற்கு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள்.

கடைசிப் பக்கத்தில் நான் வேண்டாம். அவள் இருந்தாலே நம்புவார்கள். நம்பாதவர்கள் என்னைப் பார்த்தாலும் நம்பமாட்டார்கள்.

பேனாவைத் திற.

அக்கா


அக்டோபர் 23

அன்புள்ள அக்கா,

நலமா? சிகிச்சை முடிந்துவிட்டதா? தைலம் வந்தது. என் அறைக்கு இப்போது யாரும் வருவதில்லை. கைக்கு நல்லது.

இத்துடன் புத்தகம். அச்சகத்திலிருந்து வந்த முதல் பிரதி. அட்டையை மூக்கருகே வைத்துப் பார். மை இன்னும் ஈரமாக இருப்பது போல ஒரு வாசனை. திருப்பவில்லை. ஒரு கோடுகூட மாற்றவில்லை.

கடைசிச் சதுரத்துக்கு மேடத்தோடு பெரிய சண்டை. ஃபோட்டோ கிடையாது என்றேன். "அப்ப இத யாரு சொந்தக் கதைன்னு நம்புவாங்க?" என்றார். சொந்தக் கதை என்று நான் எப்போது சொன்னேன் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. ஒரு வாரம் கழித்து, "சரி, ஏதாவது வரைஞ்சு குடு. சதுரம் காலியா இருக்கக் கூடாது" என்றார்.

நூற்று நாற்பதாம் பக்கம் பார். ஒரு ஸ்டூல். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பின்னந்தலை, பின்னல் ஒன்று பாதியில். அதன் மேல் இரண்டு கைகள், ஒரு சீப்பு. எதிரே சுவர்க் கண்ணாடி. கண்ணாடிக்குள் வெளிச்சம் மட்டும்.

மேடம் வெகுநேரம் பார்த்தார். "அக்கா முகம் எங்க?"

"அது அவங்ககிட்ட இருக்கு."

அவர் பக்கத்தை அச்சுக்கு எடுத்து வைத்தார்.

படித்துவிட்டு எழுது. மெதுவாக எழுது. இந்த முறை நான் கோபப்படமாட்டேன்.

அன்புடன்,
சுண்டெலி


நவம்பர் 12

சுண்டெலிக்கு,

இங்கே சுகம். அம்மாவின் முழங்கால் இப்போது ஏறும்போதும் வலிக்கிறதாம். கீழேயே இருக்கிறாள். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களிடமெல்லாம், "மூக்கு மட்டும் கொஞ்சம் சரியில்ல" என்கிறாள்.

செப்டம்பரோடு முடிந்தது. ரோஜா நிறத்தில் லேசாக ஒரு கறை. பவுடர் போட்டால் அதுவும் இல்லை. கலங்கரை விளக்கம் மட்டும் நிற்கிறது. இதுவரை எழுபது பேருக்குக் கண்ணாடி பிடித்திருப்பேன். எல்லோரும் தங்களையே பார்த்துக்கொண்டார்கள். ஒருவர்கூட என்னை நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். சுகமாக இருக்கிறது. சில நாள் லேசாகத் தனியாகவும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்கவில்லை.

புத்தகத்தைக் கடையில், காத்திருக்கிறவர்கள் உட்காரும் இடத்தில் ஒரு நாள் வைத்திருந்தேன். அம்மா கேட்டதால் திரும்ப எடுத்து வந்தேன். அன்று மதியம் கடையில் யாரும் இல்லை. நூற்றிரண்டாம் பக்கத்தை விரித்தேன். அவள் முழுப் பக்கத்துக்கு நேராகப் பார்க்கிறாளே, அது. கைக்கண்ணாடியை எடுத்து அவளுக்கு எதிரே பிடித்தேன், வாடிக்கையாளருக்குப் பிடிப்பது போல.

தீவு அவள் இடது கன்னத்துக்கு வந்துவிட்டது.

வேலை ஓடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பத்தெட்டு வருஷமாக மற்றவர்கள் பார்த்தது இதைத்தான் போலிருக்கிறது. நான் பார்த்ததே இல்லை. விரிகுடா, காதுப் பக்கம் நீளும் முனை, எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து.

நல்லாத்தான்டி இருந்திருக்கேன்.

வாசலில் யாரோ வந்தார்கள். புத்தகத்தை மூடிவிட்டு, முதலில் நான் போனேன்.

லீவு கிடைத்தால் வா. கழுத்தைப் பார்த்துப் பேசாதே.

அக்கா